கட்டுப்படியாகாத சொல்

ஆங்கிலப் பாடங்களின் இறுதியில் வரும் பயிற்சிகளுள், புதிய சொற்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லும் பகுதிக்கு நாங்கள் அஞ்சியதே இல்லை. மூத்த வகுப்பினரிடமிருந்து வழிவழியாக வந்த சில வாக்கியச் சட்டங்கள் எங்களிடம் இருந்தன. பண்பைக் குறிக்கும் சொல் என்றால் 'ராமா இஸ்' என்று தொடங்கிச் செருகிவிடலாம். பெயர்ச்சொல்லுக்கு 'ஐ லைக்' போதும். பொருளே விளங்காத சொல்லுக்கும் வழியுண்டு: 'டூ யூ நோ தி மீனிங் ஆஃப்' என்று எழுதி, சொல்லை இட்டு, கேள்விக்குறி போட்டுவிடுவது. அதில் பிழை காண எந்த ஆசிரியராலும் இயலாது.

1980களின் பிற்பகுதியில், கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர்கள் நாங்கள். பெரும்பாலான வீடுகளில் தீப்பெட்டி ஒட்டும் வேலை நடந்தது. பாடவேளைக்கு வெளியே ஆங்கிலம் எங்கள் காதில் விழுந்ததில்லை.

ஒரு நாள் 'அஃபோர்ட்' என்ற சொல் வந்தது. 'வாங்குவதற்குப் பணவசதி இருத்தல்' என்று கரும்பலகையில் எழுதிய ஆசிரியர், அச்சொல் பெரும்பாலும் 'கேன்', 'குட்' ஆகியவற்றோடுதான் வரும் என்றும் சொன்னார். நாங்கள் எழுதினோம். அரசனால் யானை வாங்க முடியும். அமைச்சரால் கார் வாங்க முடியும். பண்ணையாரால் பங்களா கட்ட முடியும். நோட்டுகளைப் புரட்டிய ஆசிரியர் சிரித்துவிட்டார்: "ஏம்ப்பா, இந்த ஊர்ல ராஜாவை விட்டா வேற ஆளே இல்லையா?"

எங்களுள் ஒருவர்கூட 'ஐ' என்று தொடங்கியிருக்கவில்லை. அன்று அதற்குக் காரணம் சொல்ல எங்களுக்குத் தெரியாது. இப்போது எண்ணிப் பார்க்கையில், அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான சொல் எங்கள் வீடுகளில் நாள்தோறும் புழங்கியது புலப்படுகிறது. சந்தையில் விலை கேட்டுவிட்டு எங்கள் அம்மாக்கள் சொல்லும் சொல் அது: 'கட்டுப்படியாகாது'. அதே சொல்லைக் கடைக்காரரும் சொல்வார்: "அந்த விலைக்குக் கொடுத்தா எனக்குக் கட்டுப்படியாகாதும்மா." வாங்குபவரும் விற்பவரும் சமமாக நின்று பேசிய சொல் அது. அங்கே எழுவாய் விலைதான். மனிதர் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் சற்று ஒதுங்கி நிற்பார். பொருந்தாமற்போனது விலை; அம்மா அல்லள்.

ஆங்கிலமோ 'நான்' என்பதை வாக்கியத்தின் முன்னால் நிறுத்தி, இயலாமையை அதன்மேலேயே ஏற்றிவிடுகிறது. எங்கள் நோட்டுகளுக்குள் அத்தனை அரசர்கள் புகுந்தது அந்த இடத்தில் நிற்கக் கூசியதால்தான் என்று தோன்றுகிறது.

ஆசிரியர் இன்னொரு வழக்கையும் காட்டினார்: 'வீ கேனாட் அஃபோர்ட் டு வேஸ்ட் டைம்.' பணம் மட்டுமன்று, விளைவைத் தாங்க இயலாத எதற்கும் இச்சொல் பொருந்தும் என்று விளக்கி, மீண்டும் எழுதச் சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து படித்தாள்: 'ஐ கேனாட் அஃபோர்ட் டு ஃபெயில்.'

அவளுடைய அக்கா ஒன்பதாம் வகுப்பில் தவறியதும் படிப்பு நிறுத்தப்பட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. "உட்காரும்மா" என்றார். பிறகு அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினார். நாங்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டோம்.

ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தைக் கொண்டு உருவாக்கிய அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு சொல் எந்த அமைப்பில் வரும் என்பதும் தெரிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1987இல் வந்த கோபில்ட் அகராதி, புனைந்த எடுத்துக்காட்டுகளை விடுத்து, மக்கள் உண்மையிலேயே எழுதிய, பேசிய வாக்கியங்களிலிருந்து எடுத்தாண்டது. தமிழிலும் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டு வாக்கியங்களின் வழியே இன்றைய சொற்களைக் காட்டிற்று. இவற்றைப் புரட்டும்போதெல்லாம் எங்களுக்கு அந்த முன்வரிசை வாக்கியம் நினைவுக்கு வருகிறது. சொல்லின் அமைப்பும் பொருளும் அதில் சரியாக இருந்தன. அவற்றோடு, அதைச் சொல்லியே தீர வேண்டிய ஒருத்தியும் இருந்தாள்.

இன்று ஒரு சொல்லைக் கைப்பேசியில் இட்டால் நொடியில் பத்து வாக்கியங்கள் கிடைக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்து எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அவை பிழையற்றவை, எங்கள் அரசர்களும் யானைகளும்கூடப் பிழையற்றவர்கள்தாம். ஆனால் பாடநூல் கேட்டது சொந்த வாக்கியம். 'சொந்த' என்ற அந்த ஒரு சொல்லின் பொருளை எங்கள் வகுப்பில் அன்று ஒருத்திதான் விளங்கிக்கொண்டாள்.