அந்தாதியும் ஒப்பமும்

காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதிக்கு உரையுடன் வெளிவந்த, காப்புரிமைக் காலம் முடிந்த பழைய பதிப்பு ஒன்றை, காரைக்கால் நண்பர்கள் நாங்கள் சிலர் மின்வருடி, பிடிஎஃப் கோப்பாக்கினோம். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுக்கு வந்த அன்பர்களுக்குப் பென்டிரைவில் படியெடுத்துக் கொடுத்தோம். மறு ஆண்டு அக்கோப்பு ஓர் அன்பர் வழியாக எங்களிடமே திரும்பி வந்தது. முகப்பில் எங்கள் பெயர்கள் இருந்தன. உள்ளே இரண்டு பக்கங்கள் இல்லை.

குறையைக் காட்டியது அந்தாதிதான். ஒரு வெண்பாவின் ஈறு அடுத்ததன் முதலாக வரவேண்டும். 101 வெண்பாக்களும் அவ்வாறு கோத்தவை. ஓரிடத்தில் கோவை அறுந்திருந்தது. ஆனால் பாட்டின் இடையே ஒரு சொல் மாறினால் அந்தாதி காட்டாது. உரைநடைக்கோ அந்தக் காவலும் இல்லை. கொடுத்தவர்தான் சிதைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு, நூலை மீண்டும் வருடினோம்.

இம்முறை க்னூபிஜியைக் கற்றோம். பில் சிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபியின் வழியில் வெர்னர் கோக் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது, 1.0 பதிப்பு 1999இல் வந்தது. கோப்பு முழுவதையும் ஒரு சுருக்கெண்ணாக்கி, ஷா-256 முறையில் 256 பிட்டுகள், அதை எங்கள் மறைசாவியால் ஒப்பமிடுகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஒப்பம் பொருந்தாது. எங்கள் பொதுச்சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஒப்பத்தைத் தனிக் கோப்பாக வைத்ததால் நூலில் எதுவும் சேரவில்லை. பொதுச்சாவி எங்களுடையதே என்று தெளிய, அதன் 40 இலக்கக் கைரேகையை நேரில் படித்துக் காட்டினோம்.

சில வாரங்களில் ஒரு வாசகர் எழுதினார்: உரைப்பகுதியில் இரண்டு பக்கங்கள் இல்லை. இதுவும் எவரோ செய்தது என்றே நினைத்து, படியைச் சரிபார்க்கச் சொன்னோம். ஒப்பம் பொருந்தியது. வருடும்போது ஒரு தாளை விட்டவர்கள் நாங்களே.

அப்போதுதான் முதல் கோப்பைத் தந்த அன்பர் நினைவுக்கு வந்தார். அந்த ஆண்டின் மூலக்கோப்பு எங்களிடம் இல்லை; ஒப்பமும் இட்டிருக்கவில்லை. பக்கங்கள் எவர் கையில் விடுபட்டன என்று இனிச் சொல்ல வழியில்லை.

ஒப்பம் நூலின் செம்மைக்குச் சான்று அன்று. இப்படித்தான் நாங்கள் கொடுத்தோம் என்பதற்கு மட்டுமே சான்று. திருத்திய கோப்புக்குப் புதிய ஒப்பமிட்டோம். பிழையுள்ள கோப்பையும் அதன் ஒப்பத்தையும் அழிக்காமல் அருகிலேயே வைத்திருக்கிறோம். அந்த அன்பரை நேரில் சென்று கண்டு மன்னிப்புக் கேட்டோம்.