கட்டணம் என்று வந்தால் கட்டித்தான் ஆக வேண்டுமா?

மார்க்கெட்டில் காய்க்காரர் ஐந்து ரூபாய் கூட்டிச் சொன்னால் நாம் சும்மா விடுவதில்லை. "போன வாரம் இருபதுதானே?" என்று கேட்ட பிறகுதான் பையை நீட்டுகிறோம். ஆனால் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து அச்சடித்த பில் வந்தால் பல வீடுகளில் பேச்சே கிடையாது. "போட்டுட்டானே, கட்டித்தானே ஆகணும்" என்று பணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். காய்க்காரரிடம் கேட்கிற கேள்வியைக் கம்பெனியிடமும் கேட்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். பெண்ணையோ தங்கையையோ அந்த நாட்டுக்குக் குடித்தனம் அனுப்பும் சகோதரிகளுக்கு இது உபயோகப்படும்.

அந்த நாட்களில் அங்கே செல்போன் என்றால் பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம்தான். விலையுயர்ந்த போனைச் சும்மாவோ பாதி விலைக்கோ கொடுப்பார்கள். அந்த நஷ்டத்தை மாதாமாதம் நாம் கட்டும் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். 24 மாதம் முடிவதற்குள் வேறு கம்பெனிக்குப் போனால், 'முன்கூட்டி விலகும் கட்டணம்' என்று ஒரு தொகை கேட்பார்கள். ஒரு போனுக்கு 175 டாலர் என்பது அப்போது சர்வசாதாரணம்.

2008-ல் நாங்கள் நியூஜெர்சியின் எடிசனிலிருந்து பென்சில்வேனியாவில் போக்கனோ மலைப் பக்கம் ஒரு சிற்றூருக்கு வீடு மாறினோம். இவர் விடியற்காலையில் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். வீட்டில் நானும் எட்டு மாதக் குழந்தையும்தான். புது வீட்டில் எல்லா வசதியும் இருந்தது. போனில் சிக்னல் மட்டும் இல்லை. ஜன்னலோரம் நின்றால் ஒரு கோடு தெரியும். பேச ஆரம்பித்தால் அறுந்துவிடும்.

ஒரு நாள் குழந்தைக்கு நல்ல ஜுரம். அங்கே கிளினிக்குக்குப் போன் செய்தால் விவரத்தைக் குறித்துக்கொள்வார்கள்; பிறகு நர்ஸ் திரும்பக் கூப்பிடுவாள். அவள் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். என் போன் மணியே அடிக்கவில்லை. கடைசியில் குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாளின் போனில்தான் பேசினேன். குழந்தையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, கை நடுங்க எழுதிக்கொண்டேன். அந்த அம்மாளுடையது வேறு கம்பெனி போன். சிக்னல் முழுசாக இருந்தது.

அன்று இரவே, "கம்பெனியை மாத்திடணுங்க" என்றேன். ஒப்பந்தத்தில் இன்னும் பத்து மாதம் பாக்கி. "ரெண்டு போனுக்கும் சேர்த்து 350 டாலர் கேப்பாங்களேம்மா" என்றார் இவர். அன்றைய மதிப்பில் 15,000 ரூபாய்க்கு மேல். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்னத் தொகையா?

அவசரத்துக்கு லேண்ட்லைன் ஒன்று போட்டுக்கொண்டோம். அதற்குத் தனிச் செலவு. அதிலிருந்து கம்பெனியை நானே கூப்பிட்டேன். "மேடம், கணக்கு உங்கள் பெயரில் இல்லையே, உங்களோடு பேச முடியாது" என்றாள் அந்தப் பெண். எச்-4 விசாவில் போன எனக்கு அப்போது அங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. வாடகை, கரண்ட், போன் எல்லாமே இவர் பேரில்தான். நாள் பூராவும் சிக்னல் இல்லாமல் தவிப்பவள் நான். அதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையாம்! மாலையில் இவரைப் பேச வைத்து, கணக்கில் என் பெயரையும் சேர்க்கச் செய்தேன். ஐந்து நிமிட வேலைதான். குடித்தனம் வைத்த முதல் வாரமே எல்லாக் கணக்கிலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

பால் வராத நாளைச் சமையலறைக் காலண்டரில் சுழித்து வைப்போமே, அதே மாதிரி பேச்சு அறுந்த நாளையும் நேரத்தையும் குறித்து வந்தேன். ஒரு நோட்டில், கம்பெனியோடு பேசிய தேதி, பேசியவர் பெயர், அவர் சொன்ன பதில், புகார் எண் எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று வாரத்தில் ஐந்து முறை பேசினேன். "டவரைச் சரிபார்க்கிறோம்" என்று இரண்டு முறை சொன்னார்கள். "உங்கள் முகவரியில் சிக்னல் நன்றாகக் கிடைப்பதாகத்தான் எங்கள் வரைபடம் காட்டுகிறது" என்றார் ஒருவர். அதையும் விடாமல் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என ஒரு வரி இருந்தது. ஆகவே, "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தால் பலிக்காது என்று தெரிந்தது. மூன்று விஷயங்களைக் கடிதமாக எழுதினேன். உங்கள் வரைபடமே சிக்னல் உண்டு என்கிறது; ஐந்து முறை புகார் கொடுத்தும் சரியாகவில்லை; 14 மாதப் பணம் கட்டிய பிறகும், முதல் மாதமே விலகுகிறவரிடம் கேட்கும் அதே முழுத் தொகையைக் கேட்பது எந்த நியாயம்?

கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே, பக்கத்து வீட்டு அம்மாளின் கம்பெனிக்கு மாறினோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய இணைப்பை நாமே முதலில் ரத்து செய்தால் நம்பர் கைவிட்டுப் போகலாம். புதுக் கம்பெனியிடம் போய், பழைய நம்பரையே கொண்டுவரச் சொல்ல வேண்டும். 2003 நவம்பரிலிருந்து அங்கே இந்த வசதி உண்டு. விலகும் கட்டணம் பாக்கி என்று சொல்லி நம்பரைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது விதி.

எதிர்பார்த்தபடி கடைசி பில்லில் 350 டாலர் ஏறியிருந்தது. பேசிய மாதத்துக்கான பணத்தை மட்டும் தேதி தவறாமல் கட்டினோம். உபயோகித்ததற்குப் பணம் தரத்தானே வேண்டும்? பாங்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை முன்பே நிறுத்தியிருந்தோம். காலண்டர் குறிப்பின் நகலோடு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "ஒரு போனுக்குத் தள்ளுபடி செய்கிறோம்" என்று பதில் வந்தது. "போதும்மா, 175 மிச்சம்" என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு போனுக்கு நியாயம் என்றால் இன்னொன்றுக்கு மட்டும் இல்லையா?

அமெரிக்க மத்திய தகவல் தொடர்பு ஆணையத்துக்கு, அதாவது எப்.சி.சி.க்கு, புகார் எழுதினேன். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். புகார் கம்பெனிக்குப் போனால் அவர்கள் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நான்காவது வாரம் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி மரியாதையாகப் பேசினார். இரண்டு கட்டணமும் ரத்து. "ரொம்ப நன்றி, அதை எழுத்தில் அனுப்புங்கள்" என்றேன். 'பாக்கி ஏதுமில்லை' என்ற அந்தக் கடிதம் இன்றும் எங்கள் பைலில் இருக்கிறது.

என்னைப் போல் அங்கே கேட்டவர்கள் நிறையப் பேர். வெரைசான் கம்பெனி 2006-லேயே இந்தக் கட்டணத்தை மாதம் 5 டாலர் வீதம் குறைத்துக்கொண்டு வர ஆரம்பித்தது. ஆனால் 2009 நவம்பரில், உயர்ந்த ரகப் போன்களுக்கு அதையே 350 டாலராக ஏற்றி, மாதம் 10 டாலர் குறைப்பதாகச் சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 23 மாதம் ஒழுங்காகக் கட்டியவரும் 120 டாலர் தர வேண்டும்! 2010 ஜனவரியில் எப்.சி.சி. பெரிய கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, இந்தக் கட்டணத்துக்கு விளக்கம் கேட்டது. 2013-ல் டி-மொபைல் இரண்டு வருட ஒப்பந்தத்தையே கைவிட்டது. 2016-க்குள் மற்றப் பெரிய கம்பெனிகளும் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

அதனால் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இப்போது போனைத் தவணையில் தருகிறார்கள், 24 அல்லது 36 மாதம். 'இலவசம்' என்று சொல்லும் போனுக்கும் தவணை உண்டு. அந்தத் தொகையை மாதாமாதம் பில்லில் கழித்துக் கொடுப்பார்கள். நடுவில் விலகினால் கழிவு நின்றுவிடும், மிச்சத் தவணையை நாம்தான் கட்ட வேண்டும். "அதை நாங்கள் கட்டுகிறோம், எங்களிடம் வாருங்கள்" என்று மற்றக் கம்பெனிகள் அழைப்பதும் உண்டு. அப்படி மாறினால் கடைசி பில்லைப் பத்திரமாக வைத்திருந்து, சொன்ன கெடுவுக்குள் அனுப்ப வேண்டும்.

தகராறில் உள்ள தொகையைக் கேட்டு, கடன் வசூல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தாலும் பதற வேண்டாம். மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடவும் வேண்டாம். 30 நாளுக்குள் 'இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுத்தில் தெரிவித்தால், கடனுக்கு ஆதாரம் காட்டும்வரை வசூலை நிறுத்த வேண்டும் என்று 1977-ம் வருடச் சட்டம் சொல்கிறது.

கோபப்பட்டுக் கத்துவதால் ஒரு டாலர்கூடக் குறையாது. போனில் பேசுகிற பெண்ணும் நம்மைப் போல் குடும்பத்துக்காகச் சம்பாதிப்பவள்தான். அவளிடம் இனிமையாகப் பேசுங்கள், பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வீட்டு வரவு செலவை அன்றாடம் எழுதி வைக்கிற நமக்கு, இந்த நோட்டு எழுதுவது ஒன்றும் புதிய வேலை இல்லையே!