வாட்டுக்கு முன்னால் வார்த்தை

வீட்டில் பாட்டு கேட்க நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்று யார் யோசனை கேட்டாலும், முதலில் கடைக்குப் போகாதீர்கள், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்தில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். குதிரை மாளிகையை ஒட்டிய மண்டபம் அது. ஒன்பது நாளும் ஸ்வாதித் திருநாளின் கீர்த்தனைகள். முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி என்று மாறாத வரிசை. கைதட்டல் கிடையாது. எதிரொலியை அடக்குவதற்காகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாடுகிறவரின் மூச்சு, சொல்லின் கடைசி எழுத்து, தம்புராவின் ரீங்காரம் மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் வந்து சேரும். கடையில் எதைத் தேட வேண்டும் என்பது அப்போது காதுக்குத் தெரிந்துவிடும்.

கரமனையில் வாழ்ந்த என் அம்மாவுக்கு அந்த ஒன்பது நாள்தான் திருவிழா. முழங்கால் வலி முற்றி மண்டபத்துக்குப் போக முடியாமல் ஆனபோது, பாட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டில் ஒரு பழைய ஜோடி ஸ்பீக்கர் இருந்தது. வலையைக் கழற்றி, கூம்பு வடிவக் கோணைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தைத் தொட்டேன். விரல் பட்ட இடமெல்லாம் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. சாலை பஜார் பக்கத்து ரிப்பேர்க்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “சாரே, கோணுக்கு ஒண்ணும் இல்ல. ஃபோம்தான் போச்சு. நம்ம ஊர் ஈரத்துக்கு இது நிக்காது.” பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதையும். இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறிமாறிப் பெய்யும் திருவனந்தபுரத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆகவே புது ஸ்பீக்கருக்கு நான் வைத்த முதல் நிபந்தனை, விளிம்பு வளையம் ரப்பராக இருக்க வேண்டும் என்பது.

அடுத்தது அறை. எங்கள் கூடம் கான்கிரீட் கூரை, பளபளக்கும் டைல்ஸ் தரை, ஜன்னலுக்கு மெல்லிய திரை. ஒலி பட்டுத் தெறிக்க எல்லா வசதியும் உண்டு. புது ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பாட்டைப் போட்டதும் அம்மா சொன்னாள்: “பாட்டு நன்னா இருக்கு. ஆனா மிருதங்கம் வரச்சே வார்த்தை காணாமப் போறதே.”

அந்த ஒரு வாக்கியத்தில் ஒலியியலே அடங்கியிருந்தது. நான்கு மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். ஸ்பீக்கர் சுவரை நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலிகள் இன்னும் பெருகும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் அந்த வீக்கத்தில் சேர்ந்துகொண்டு சாகித்யத்தை மூடிவிட்டது. ஸ்பீக்கரை இரண்டடி முன்னால் இழுத்து, உயர்ந்த ஒலிகளை எழுப்பும் ட்வீட்டர் அம்மாவின் காதுயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் ஏற்றி, தரையில் தடித்த ஜமுக்காளம் விரித்தேன். பின்சுவரில் புத்தக அலமாரி வந்தது. “இப்போ சாகித்யம் புரியறது” என்றாள். அதற்கு ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. எல்லாமே வீட்டில் இருந்த பொருள்கள்.

அறையும் ஸ்பீக்கரும் ஒத்துப்போன பிறகே ஆம்ப்ளிஃபையர். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஸ்பீக்கரின் பின்புறத்தில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. 87 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்பும் அதே ஒலியை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்ப இருமடங்கு வாட் வேண்டும். எங்களுடையது 84. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்க ஒரு வாட்டே போதும். தனியாவர்த்தனத்தில் திடீரென்று எழும் அடிகளுக்கு முப்பது வாட்வரை தேவைப்படலாம். ஆகவே உண்மையான 50 வாட் ஆர்.எம்.எஸ். இருந்தால் கூடத்துக்குத் தாராளம். ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒருகாலத்தில் பெட்டிமேல் அச்சடித்தார்களே, அந்த எண்ணுக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது எண் ஓம்: ஸ்பீக்கரின் மின்தடை. எட்டு ஓம் என்று எழுதியிருந்தாலும் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை; ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஏறி இறங்கும். சில ஸ்பீக்கர்கள் சில இடங்களில் நான்கு ஓமுக்கும் கீழே போகும். அங்கே மின்னோட்டத்தை அள்ளிக்கொடுக்க முடியாத ஆம்ப்ளிஃபையர் திணறும், சூடேறும். எட்டு ஓமில் 50 வாட் கொடுப்பது நான்கு ஓமில் 80, 90 என்று உயர்கிறதா என்று கேளுங்கள். உயர்ந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெம்பு இருக்கிறது. தெம்பில்லாததை முழுக்கத் திருகினால் ஒலியலையின் தலை வெட்டுப்படும். முதலில் எரிவது ட்வீட்டர்தான்.

சின்ன ஸ்பீக்கர் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற கைக்கடக்கமான ஸ்பீக்கரை உருவாக்கியது. வேனுக்குள் அறிவிப்பாளர் குரலைச் சரிபார்ப்பதே அதன் வேலை. சென்சிட்டிவிட்டி 83 டெசிபல் அளவுதான். பெரிய பேஸும் கிடையாது. ஆனால் மனிதக் குரலை அது சொன்னவிதம், இன்றைக்கும் ஆட்கள் அதைத் தேடி வாங்கும்படி இருக்கிறது. வாய்ப்பாட்டே பிரதானமான நம் வீடுகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது ஒலியளவு சமமா என்று பாருங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். முடிந்தால் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு, மிச்சம் ஆம்ப்ளிஃபையருக்கு. ஒயருக்குச் சாதாரணத் தடித்த செம்புக் கம்பி போதும். துலாமாசத்து மத்தியான இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கேபிள் இணைப்பையும் சேர்த்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் அதிகம் பாட்டு கேட்பவர் யாரோ அவரை உட்காரவைத்துத் தேர்ந்தெடுங்கள். அம்மாவுக்கு டெசிபலும் தெரியாது, ஓமும் தெரியாது. கீர்த்தனையின் ஒவ்வொரு சொல்லும் தெரியும். அந்தச் சொல் கேட்கிறதா என்று அவள் பார்த்தாள். எண்களெல்லாம் அதற்கு வழிசெய்யத்தான் என்று நான் புரிந்துகொண்டேன்.