ஒரு சாண் தூரம்

என் காரில் ரேடியோவுக்கென்று ஒரு பெரிய ஆம்ப்ளிபயரை மாட்டிக்கொண்டேன். அவசியமில்லை, ஆசைதான். ஒரே மாதத்தில் பாட்டரிக்குப் பக்கத்திலிருந்த ப்யூஸ் இரண்டு முறை போயிற்று. மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு செப்புத் துண்டைச் செருகினேன். பாட்டு அமோகமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா பிள்ளை, எலெக்ட்ரிக் வேலை தெரிந்தவன், பானெட்டைத் திறந்து பார்த்துத் திகைத்து நின்றான்.

"ப்யூஸ் எதுக்கு, மாமா?"

"ஆம்ப்ளிபயரைக் காப்பாத்த."

"இல்லை. ஒயரைக் காப்பாத்த."

கணக்கும் சொன்னான். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 600 வாட் இழுத்தால் 50 ஆம்பியர். அதே ஒயர் தோலுரிந்து காரின் இரும்பில் பட்டாலோ, பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஆகவே, ஒயர் தாங்கும் அளவைத் தாண்டுமுன் ப்யூஸ் உருகவேண்டும். பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருப்பதும் அதனால்தான். பாட்டரிக்கும் ப்யூஸுக்கும் நடுவிலுள்ள ஒயருக்குக் காவல் கிடையாது.

பிறகு ஒயரைத் தடவிக்கொண்டே போனான். இஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுத் துவாரத்தில் ரப்பர் வளையம் இல்லை. அங்கே ஒயரின் தோல் அறுந்து செம்பு பளபளத்தது. இரண்டு ப்யூஸ் போன காரணம் அதுதான்.

அங்கிருந்து அந்த ஒயர், ஊருக்குப் போகும்போதெல்லாம் என் பெண் படுத்துத் தூங்கும் பின் சீட்டுக்கு அடியில் போகிறது.

ஆபத்து என்று இரண்டு தடவை வந்து சொன்னவனின் வாயை நான் செப்பு வைத்து அடைத்திருக்கிறேன். அன்று மாலையே புது ஒயரும், ரப்பர் வளையமும், ப்யூஸும் வாங்கி வந்தோம்.