இரண்டு எண்கள்

கண்டியிலிருந்து கலஹாவுக்குப் போகும் பாதைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். என் மாணவி ஒருத்தியின் தாய் அங்கே கொழுந்து பறிக்கிறார். சென்ற மாதம் பாடசாலைக்கு வந்தவர், நான்காக மடித்த சம்பளத் துண்டை மேசைமேல் விரித்தார்.

"சேர், என் கொழுந்து எத்தன கிலோன்னு பாத்துச் சொல்லுங்க. முன்னேன்னா கணக்கப்புள்ளகிட்ட சண்ட போடலாம். இப்ப கம்பியூட்டர் சொல்லுதாம்."

பத்துப்பாட்டுக்கு உரை சொல்லப் பயின்ற எனக்கு அந்தத் துண்டு விளங்கவில்லை. துண்டு! கடன் தீர்ந்தால் ஆளை விடலாம் என்று துரைமார் எழுதிய சீட்டுக்கும் அதுவே பெயர். 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. உடையவருக்கே வாசிக்கத் தெரியாத காகிதம் மட்டும் ஒழியவில்லை போலும்.

வேறொரு தோட்டத்து அலுவலகத்தில் பணிபுரியும் பழைய மாணவனைத் தேடிப் போனேன். 'நிறுவன வளத் திட்டமிடல்' என்னும் பெரும் பெயர் தாங்கிய மென்பொருள் அங்கும் உண்டு. அது செய்வது எளிய காரியமே. மலையில் நிறுத்த எடையை ஒரு முறை பதிந்தால், அந்த எண்ணே சம்பளத்துக்கும், சேமலாப நிதிக்கும், தொழிற்சாலைக் கணக்குக்கும், கொழும்பிலுள்ள பேரேட்டுக்கும் செல்லும். முன்னர் செக்றோல் ஒரு புத்தகம், தொழிற்சாலை ஏடு வேறொன்று. மாத முடிவில் இரண்டையும் பொருத்துவதற்குள் விடிந்துவிடும். ஆதலால் பயனில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் பயன் பதிவில் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் இத்தகைய அமைப்பை அவசரத்தில் நிறுவி, சரக்கு கைவசமிருந்தும் ஏறத்தாழ 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகளை அனுப்ப இயலாமல் திண்டாடியது.

மாணவன் திரையில் ஒரு வரியைக் காட்டினான். மலையில் நிறுத்த எடை. பக்கத்திலே தொழிற்சாலையில் நிறுத்த எடை. இரண்டாவது பெரிது. பறித்த கொழுந்து வழியில் வாடுமேயன்றி வளருமா?

"சாக்குக்கும் மழைத் தண்ணிக்கும் கழிக்கிறது சேர். வித்தியாசம் எப்பவும் வரும்."

சாக்குக்கு எடையுண்டு, ஈரத்துக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் சாக்கை அவிழ்த்துக் கொட்டிய பின்னும் மிஞ்சும் கிலோக்கள் எவருடையவை? முன்னாளில் இரு புத்தகங்களில் ஒளிந்திருந்த உண்மையை இயந்திரம் ஒரே வரியில் வைத்துவிட்டது. அதை வாசிப்பவர் கொழும்பில் இருக்கிறார். பறித்தவருக்குக் கிடைப்பதோ முதல் எண் மட்டும். நிறுவையிடத்திலேயே ஒரு சீட்டும், தொழிற்சாலை எடை மறுநாள் பெரட்டில் ஓர் அறிவிப்பும் போதும். சம்பளத்தையே கணக்கிடும் அமைப்புக்கு இது பாரமாகுமா?

அந்தத் தாயிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். இப்போது மூன்று நிறுவையையும் மனத்தில் கொண்டுவந்து சொல்கிறார். மகள் அன்றன்றே கொப்பியில் குறிக்கிறாள். அவளது கணித பாடக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் நிரம்பி வருகின்றன. பத்தாந் திகதி சம்பளத் துண்டு வரும்.