நுரைக்கும் காசா?

வள்ளூர் அனல் மின் நிலையத்தை அடுத்த டீக்கடையில், "என்னய்யா, பாதி கிளாஸ் நுரை! காசு டீக்கா, நுரைக்கா?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரப் பெரியவர் பதில் பேசவில்லை.

வீடு திரும்பும்போது டின் பீர் சமாசாரம் ஒன்று நினைவுக்கு வந்தது. (குடித்ததல்ல, படித்தது!) பீரில் பொங்கும் கரியமில வாயு எளிதில் கரையும், ஆகவே நுரையும் சீக்கிரம் அடங்கும். நைட்ரஜன் லேசில் கரையாது. அதன் குமிழிகள் பொடியாக, நெடுநேரம் நிற்கும். 1988-ல் அயர்லாந்தின் கின்னஸ் கம்பெனியார், நைட்ரஜன் அடைத்த டின்னுக்குள் ஊசித் துளையுள்ள பிளாஸ்டிக் கூடு ஒன்றை வைத்தார்கள். டின்னைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. கூட்டிலிருந்து வாயு பீறிட்டு, பீர் முழுவதையும் நுரைக்க வைக்கிறது. பார்லிப் புரதம் அந்த நுரையைத் தாங்குகிறது.

பெரியவர் செய்வதும் ஏறக்குறைய அதுதானே! உயரத் தூக்கி ஆற்றும்போது டீயில் புகும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். நுரையைத் தாங்குவது பாலின் புரதம். கூட்டுக்குப் பதில் அவர் கை!

மறுநாள் போனேன். ஆற்றாத டீயை விளிம்புவரை நிரப்பி, "நுரையே இல்லை, சார்" என்று வைத்தார். நாக்கு வெந்தது.

"ஆற்றியே கொடுங்கள், ஐயா" என்றேன்.

பேசிய நாக்குக்கு அது வேண்டியதுதான்.