ரஸ்ட் – ஒரு கண்டிப்பான வாத்தியார்!

பதினொன்றாம் வகுப்பில் நாம் படிப்பது சி++. கோடை விடுமுறையில் அண்ணனின் பழைய லேப்டாப்பில் ரஸ்ட் மொழியையும் தொட்டுப் பார்த்தேன். இதன் 1.0 பதிப்பு வந்தது 2015-இல்தான்.

இதன் பலம் என்ன? ஒரு நோட்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கலாம். ஆனால் ஒருவர் எழுதும்போது வேறு யாரும் தொடக்கூடாது. நினைவகத்துக்கு ரஸ்ட் போடும் சட்டமும் இதுதான். மீறினால் கம்பைல் ஆகாது! எந்த வரியில் தப்பு என்றும் சொல்லும். சி++ பல நேரம் கண்டுக்காம விட்டுடும். அப்புறம் புரோகிராம் பாதியில் படுத்துக்கும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கெர்னலே ரஸ்டுக்கு இடம் கொடுத்தது.

குறையே இல்லையா? உண்டு! கம்பைல் ஆக நேரம் பிடிக்கும். கற்பதும் கடினம், ஒரு லிங்க்டு லிஸ்ட் எழுதவே எனக்கு நாலு நாள் ஆச்சு. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தால், ரஸ்டும் பேசாம ஓட்டிடும்.

பரீட்சைக்கு சி++தான் வேணும். அதனால் வார நாளில் சி++, ஞாயிற்றுக்கிழமை ரஸ்ட் என்று முடிவு செய்திருக்கிறேன். வாத்தியார் எவ்வளவு கண்டிப்பா இருந்தாலும், யோசிக்க வேண்டியது நாமதானே!